ஆறில் நான்கு போக

கார்ட்லி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்மாவுக்கு நவம்பர் மாதம் முழுக்க வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஊராட்சி அலுவலகத்திலிருந்து கலைக்கூடம் வரைக்கும் பதினான்கு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. பதினான்கிலும் அவளுடைய அக்கா நோரீனின் முகம் தொங்கியது. கீழே 'நம் பருவங்கள், நம் நோரீன்' என்று கொட்டை எழுத்து. காலையில் போகும்போது பதினான்கு நோரீன், மாலையில் திரும்பும்போது பதினான்கு நோரீன். ஏழாவது கம்பத்து நோரீனின் நெற்றியில் மட்டும் ஏதோ ஒரு பறவை எச்சம் போட்டிருந்தது. அந்த இடத்தில் வில்மா வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினாள்.

அக்கா என்றால் நான்கு நாள் அக்கா. இரண்டு பேருடைய அம்மாக்களும் உடன்பிறந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் இதற்கு 'கசின்' என்று ஒரு மொட்டைச் சொல் வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் ஆட்களுக்குப் பெரியம்மா மகள் அக்காதான், அதில் வேறு பேச்சில்லை. நோரீன் திங்கட்கிழமை பிறந்தாள், வில்மா வெள்ளிக்கிழமை. அந்த நான்கு நாளை நோரீன் ஐம்பத்திரண்டு வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெல்வுட் பருவகாலக் கலைக்கூடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அகஸ்டா பெல்வுட் அம்மையார் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியபோது நான்கு பெரிய ஓவியங்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். அவற்றுக்கென்று நான்கு சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்டார். சாகும்போது உயிலில் ஒரு வரி எழுதிவைத்தார்: 'குளிர்கால ஓவியம் கிறிஸ்துமஸ் மாதத்தில், அதற்கு உரிய குளிரில், மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.'

பூமியின் தென்பாதியில் கிறிஸ்துமஸ் மாதம் என்றால் கொளுத்தும் கோடை, கார்ட்லியின் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் உயில் உயில்தான். டிசம்பர் ஒன்றாம் தேதி குளிர்கால ஓவியத்தை நடுச்சுவருக்கு மாற்றி, கூடத்தைப் பன்னிரண்டு டிகிரிக்கு இறக்கிவிடுவார்கள். வெளியே நாற்பது டிகிரியில் வியர்த்து வருகிறவர்களுக்கு வாசலில் கம்பளிச் சால்வை தருவார்கள். உள்ளே போய்ப் பனியையும், உறைந்த குளத்தில் சறுக்கும் குழந்தைகளையும் பார்த்துப் பல் கிட்டிக்க நின்றுவிட்டு, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலுக்கு வந்து தும்முவார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் இதற்குப் பெயர் ரசனை.

இப்படியே போயிருக்கும். போன மே மாதம் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்ணின் மக்களுடைய பருவ அறிவுக்கும் இடம் தராத கலைக்கூடங்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று அதில் இருந்தது. நூறு வருடமாக வராத ஆர்வம் இயக்குநர் ரூபர்ட் ஹாலிங்ஸுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ஊரில் படம் வரைகிற நூங்கார் ஆட்கள் இரண்டே பேர்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டு, நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்.

"உங்களுக்கு ஆறு பருவம்னு கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோஷம்" என்றார் ஹாலிங்ஸ். "அதுல நாலு ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு. மீதி ரெண்டுக்கும் இடம் பண்ணிடறோம்."

வில்மா நோரீனைப் பார்த்தாள். நோரீன் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க நாலு எங்க ஆறுல இல்லையே" என்றாள் வில்மா. "அது வேற, இது வேற."

ஹாலிங்ஸ் விரல் விட்டு எண்ணினார். "அப்ப மொத்தம் பத்தா? ஒரு வருஷத்துக்கு அது கொஞ்சம் அதிகம் இல்லையா?"

பருவ ஒருங்கிணைப்பாளர் ஃபெலிசிட்டி குறிப்பேட்டில் எழுதினாள்: 'பத்துப் பருவக் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.' பிறகு நிமிர்ந்து, "மீதி ரெண்டோட பேர் மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"பிராக்" என்றாள் நோரீன். அவள் பிறந்த பருவம் அது. மழை நின்று, வெயில் ஏறி, குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்புகிற பருவம்.

வில்மா பிறந்ததும் அதில்தான். நான்கு நாளைக் கொடுத்தது போதாதென்று பருவத்தையுமா கொடுப்பாள்? "எனக்கும் பிராக்தான்" என்றாள்.

'மீதமுள்ள இரண்டு: பிராக், பிராக்' என்று ஃபெலிசிட்டி எழுதிக்கொண்டாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நோரீன் வரைந்துகொண்டு வந்தது கதவு உயரத்துக்கு ஒரு மூஜார் மரம். பிராக் வந்துவிட்டது என்று சொல்கிற மரமே அதுதான். கிறிஸ்துமஸை ஒட்டிப் பூப்பதால் வெள்ளைக்காரர்கள் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். உச்சி முதல் அடி வரை ஆரஞ்சுப் பூ. நன்றாகத்தான் வரைந்திருந்தாள். அதுதான் வில்மாவுக்குப் பொறுக்கவில்லை. மட்டமாக வரைந்திருந்தால் அக்காவை மனதாரப் பாராட்டியிருப்பாள்.

வில்மாவின் படம் அகலமானது. வெறும் புல்வெளி. ஒரு பாதியில் புல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மறுபாதியில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். காலையில் உள்நாட்டிலிருந்து வருகிற அனல் காற்று, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வருகிற காற்று. பிராக் என்றால் அவளுக்கு இந்த இரண்டும்தான். கலைக்கூடக் குழு அந்தப் படத்தைப் பத்து நிமிடம் ஆராய்ந்தது.

"புல் ஒரே சீரா சாயலையே" என்றார் ஹாலிங்ஸ். "சரி பண்ண முடியுமா?"

"காத்த சரி பண்ணிட்டு வாங்க சார், நான் புல்ல சரி பண்றேன்."

இடம் ஒதுக்குவதில் பாரபட்சம் கூடாது என்பதால் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒதுக்கினார்கள். நோரீன் முன்னே வந்தாள். குளிர்கால ஓவியத்துக்குப் பக்கத்தில், குடை வைக்கும் தாங்கியை நகர்த்தி, அவளுக்கு நடுச்சுவரில் பாதி. வில்மாவுக்குக் கழிப்பறைக்குப் போகும் நடை. அவளுடைய படத்துக்கு நேர் மேலே 'கழிப்பறை' என்று ஓர் அம்புக்குறி இருந்தது. பழைய பலகை, உயில் காலத்தது, அதனால் எடுக்க முடியாதாம். கூடத்திலேயே ஜன்னல் இருக்கும் ஒரே இடம் அந்த நடைதான். கடலைப் பார்த்த ஜன்னல். மரச்சட்டம் உப்பிப்போய் மூட முடியாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்து வில்மா தன் செத்துப்போன அம்மாவோடு சண்டை போட்டாள். "ஆல்மான்னு வச்சிருக்கக் கூடாதா? அது என்ன வில்மா? கடைசி எழுத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டுப் போயிட்டியே!"

அந்த மழைக்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. பழைய இயந்திரத்தால் உயிலுக்கு ஏற்ற குளிரைத் தர முடியவில்லை என்று புதிதாகப் பெரிய குளிர்விப்பான் ஒன்றை வாங்கினார்கள். அதற்கு மின்சாரம் கொண்டுவரத் தெருவிலிருந்து பள்ளம் தோண்டினார்கள். கலைக்கூடத்தின் முன்னால் ஒரு நிஜ மூஜார் மரம் நிற்கிறது. பள்ளம் அதன் காலடி வழியாகவே போனது.

மூஜாரின் புத்தியைச் சொல்ல வேண்டும். அதற்குச் சொந்தமாகச் சம்பாதிக்கிற பழக்கம் குறைவு. பக்கத்தில் எந்த வேர் போனாலும் அதைச் சுற்றிக் கடித்து உறிஞ்சிக் குடிக்கும். மண்ணுக்குள் அதற்குக் கண்ணா தெரியும்? வயரையும் வேர் என்று நினைத்துக் கடித்துவிடும். வில்மாவின் புருஷன் கொட்டகைக்கு இழுத்த வயரைக் கடித்திருக்கிறது, மாமனார் வீட்டு டெலிபோனைக் கடித்திருக்கிறது. நூங்கார் ஆட்களில் மூஜார் பக்கம் வயர் புதைக்கிறவர் யாரும் இல்லை.

அன்றைக்கு வில்மா அந்த வழியாகப் பேருந்தில் வந்தாள். பள்ளத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டாள். ஜன்னலைத் திறந்து, தோண்டுகிறவரைக் கூப்பிட வாயையும் திறந்துவிட்டாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு முன்னால், நோரீன் புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தாள். போட்டோக்காரர் அவளுடைய தாடையைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் தூக்கினாள்.

வில்மா வாயை மூடினாள், ஜன்னலை மூடினாள், கியரைப் போட்டாள்.

நவம்பர் பதினைந்தாம் தேதி மூஜார் பூத்துவிட்டது. மரத்துக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. ஆனால் கலைக்கூடத்தில் பெரிய கலவரம். அழைப்பிதழில் 'டிசம்பர் 1, சனிக்கிழமை, பிற்பகல் 2 மணிக்குப் பிராக் பருவம் தொடங்கி வைக்கப்படும்' என்று அச்சடித்தாகிவிட்டது. ஃபெலிசிட்டி சகோதரிகள் இருவரையும் மரத்தடிக்கு வரவழைத்தாள்.

"இத ரெண்டு வாரம் தள்ளிப்போட முடியாதா?"

"எத?" என்றாள் வில்மா.

"பூக்கறத."

"மரத்துக்கிட்ட கேட்டுப் பாருங்கம்மா. எனக்கு அவ்வளவு பழக்கமில்ல. அக்காதான் ஆலோசகர்."

நோரீன் முறைத்தாள். அவளுக்குப் 'பருவ ஆலோசகர்' என்று ஒரு பதவியும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். ஃபெலிசிட்டி ஒரு படிவத்தை நீட்டினாள். 'மேற்படி பருவம் இன்னும் தொடங்கவில்லை என்று சான்றளிக்கிறேன்.' தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் மரம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. நோரீனின் தோளில் இரண்டு பூ விழுந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள் வில்மா.

"உனக்குச் சுவரு குடுத்திருந்தா நீ போட்டிருக்க மாட்டியா?"

வில்மா யோசித்துப் பார்த்தாள். போட்டிருப்பாள். இரண்டு பிரதி போட்டிருப்பாள். அதை நினைத்ததும் எரிச்சல் கூடியது.

சான்றிதழ் இருந்தும் ஊரார் கண்ணுக்கு மரம் தெரிந்ததே, அதனால் பெரிய பச்சைத் துணி கொண்டுவந்து மரத்துக்குப் போர்த்தினார்கள். ஏணியைப் பிடிக்கச் சொன்னபோது சகோதரிகள் இருவருமே பின்வாங்கினார்கள். செத்தவர்கள் போகிற வழியில் தங்கிப் போகும் மரம் அது. அதன் பூவைத் தொடுவதில்லை. 'பணியாளர் அல்லாதவர்கள் ஏணி பிடிக்க மறுத்தது புரிந்துகொள்ளத்தக்கது. காப்பீடு இல்லை' என்று ஃபெலிசிட்டி எழுதினாள்.

டிசம்பர் ஒன்று வந்தது. வெளியே நாற்பத்தொன்று. வில்மா பூப்போட்ட பருத்திச் சட்டையில் போனாள். வாசலில் அவள் மேல் ஒரு சால்வையைப் போர்த்தி உள்ளே தள்ளினார்கள். ஊரே திரண்டிருந்தது. மேயருக்குக் கம்பளித் தொப்பி. நடுச்சுவரில் பனி ஓவியம், பக்கத்தில் நோரீனின் மூஜார், அதற்குக் கீழே நாற்காலியில் நோரீன். குளிர்விப்பான் நேராக அவள் கழுத்துக்கு ஊதியது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், தாடையைத் தூக்கி.

நடையில் தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள் வில்மா. ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேரும் அம்புக்குறியைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் படத்துக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்தார். வில்மா சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். "உள்ள ஆள் இருக்காம்மா?" என்று கேட்டார்.

கூடத்தில் ஹாலிங்ஸ் பேச ஆரம்பித்தார்.

"பருவம் என்பது ஒரு நிர்வாகப் பொறுப்பு. அதைப் பூக்களிடமும் பறவைகளிடமும் விட்டுவிட முடியாது. இந்தக் கலைக்கூடம் யாருடைய பருவத்தையும் ஒதுக்கியதில்லை. ஒவ்வொன்றையும் அதன் தகுதிக்கேற்ற இடத்தில் வைத்திருக்கிறோம். பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் அனுமதியின்றி நடந்துவந்த பிராக் பருவம், இன்று முதன்முறையாக முறைப்படி…"

'டப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. விளக்கெல்லாம் அணைந்தன. குளிர்விப்பான் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

இருட்டுக்குள்ளிருந்து ஹாலிங்ஸின் குரல் வந்தது. "அன்பர்களே, அமைதி. குளிர்காலம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. யாரும் சால்வையைக் கழற்ற வேண்டாம்."

ஐந்து நிமிடத்தில் சுவர் வியர்த்தது. பத்து நிமிடத்தில் மேயர் வியர்த்தார். வாசல் கதவு தானாகத் திறக்கிற ரகம், மின்சாரம் இல்லாமல் அசையவில்லை. "நீங்கள் உணர்வது அதிகாரபூர்வமான வெப்பம் அல்ல" என்று ஹாலிங்ஸ் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தூரத்தில் நடையின் முனையில் ஒரு சதுர வெளிச்சம் தெரிந்தது. மூட முடியாத ஜன்னல். ஊர் மொத்தமும் சால்வைகளை உதறிவிட்டு அந்த வெளிச்சத்தை நோக்கி நகர்ந்தது.

மணி இரண்டரை. அந்த நேரத்துக்கு அது வரும், யாருடைய அழைப்பிதழும் அதற்குத் தேவையில்லை. ஜன்னல் வழியாகக் கடல் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. பெண்களின் முடி பறந்தது, மேயரின் கழுத்துப்பட்டை பறந்தது, எல்லாம் ஒரே பக்கமாக. நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்களுக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை, எதிர்ச்சுவரில் இருந்த படத்தைத்தான் பார்த்தார்கள். அதன் ஒரு பாதியில் புல்லும் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

சற்று முன் கழிப்பறையைக் கேட்ட பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "காலையில வேலிக்கிட்ட நின்னப்ப அந்தப் பக்கமா அடிச்சுது" என்று படத்தின் மறுபாதியைக் காட்டினார். "எழுபது வருஷமா அடிக்குது. இன்னைக்குத்தான் பாக்கறேன்."

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நோரீன் வந்தாள். கழுத்து அட்டை முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, கண்ணை மூடி, படத்துக்கு முன்னால் நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

"பொறாமையா இருக்குடி" என்றாள் கடைசியில்.

ஐம்பத்திரண்டு வருடம், நான்கு நாள் குறைய, வில்மா காத்திருந்த வார்த்தை அது. வந்ததும் ஆடிப்பாட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்குப் பதில் வாய் உளறிவிட்டது. "அக்கா, வயரு அந்த மரத்துக்கடியில போனத நான் அன்னைக்கே பாத்தேன். சொல்லல. உன் மூஞ்சியப் பாத்தேன், சொல்லல."

நோரீன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பள்ளத்துக்குப் பக்கத்துல நின்னதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"ஆலோசகர்தானே நீ! ஏன் சொல்லல?"

"உனக்கு ஜன்னல் குடுத்தாங்களே!" நோரீனின் குரல் உடைந்தது. "அப்பவே படத்துக்கு அளவெடுக்கணும்னு அந்தச் செவுத்தடியில நாள் கணக்கா என்ன உக்கார வச்சாங்கடி. ஒரு காத்து உண்டா? ஒரு வெளிச்சம் உண்டா? பக்கத்துல அந்தப் பனிய வேற மாட்டுவோம்னாங்க. நீ இங்க காத்து வாங்கிட்டு நிப்ப. நாசமாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. ஃபெலிசிட்டி அதைப் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று குறித்துக்கொண்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் கலைக்கூடம் என்று ஒன்று இருக்கிறதே. மறுவாரம் குழு கூடியது. வில்மாவின் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைக் குழு ஒருமனதாகப் பாராட்டியது. "இவ்வளவு பெரிய கலைஞரை நடையில் வைத்திருந்தது அநீதி" என்றார் ஹாலிங்ஸ், வைத்தது யாரோ என்பதுபோல. வில்மாவின் புல்வெளி நடுச்சுவருக்குப் போனது, பனிக்குப் பக்கத்தில். நோரீனின் மூஜார் நடைக்கு வந்தது, ஜன்னலுக்கு எதிரே. பதினான்கு கம்பங்களிலும் வில்மாவின் முகம் ஏறியது. வில்மா ஏழாவது கம்பத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, மேலே பறவை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

கடன் வாங்கிய ஜெனரேட்டரில் குளிர்விப்பான் ஓடியது. அந்தச் சனிக்கிழமை வில்மா நடுச்சுவரின் கீழே நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சால்வைக்குள் கை விறைத்தது. கழுத்தில் குளிர் ஊதியது. காற்றே இல்லாத சுவரில் அவளுடைய புல், எதற்கென்று தெரியாமல் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றது. நடையின் கடைசியில், ஜன்னல் பக்கம், யாரோ எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நோரீனின் சிரிப்பு. அதில் காற்று இருந்தது.

வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. பன்னிரண்டு டிகிரியிலும் எரிந்தது.

திங்கட்கிழமை ஃபெலிசிட்டி இருவரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். மூஜாரின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். புது வயர் சுருளாகக் கிடந்தது. பள்ளம் தயார், அதே இடத்தில்.

"பழைய வயர் தரக்குறைவுன்னு அறிக்கை வந்திருக்கு. இது நல்ல தடிமன்" என்றாள் ஃபெலிசிட்டி, பேனாவைத் திறந்துகொண்டு. "இங்க புதைக்கறதுல உங்க தரப்புல ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

வில்மா நோரீனைப் பார்த்தாள். நோரீன் வில்மாவைப் பார்த்தாள். ஒருத்திக்குக் குளிர் தாங்கவில்லை, மற்றவளுக்கு நடையில் இன்னும் கூட்டம் சேரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

மண்ணைத் தள்ளி மூடினார்கள். மரத்தில் பூவெல்லாம் கொட்டி முடிந்திருந்தது. இனி அதற்கு மண்ணுக்கு மேலே வேலை இல்லை, கீழேதான்.